மலையகத்தில் சிறு கடைக்குக் காப்புறுதி: ஏஜென்சிக்குப் போகும் முன் படிக்க வேண்டியவை

வங்கியில் கடன் கேட்கும்போதுதான் நம்மில் பலருக்குக் காப்புறுதி ஞாபகம் வருகிறது. எனக்கும் அப்படித்தான். ஹட்டன் பக்கம் பலசரக்குக் கடையும் அதன் பின்கட்டில் சின்ன பேக்கரியும் நடத்துகிறேன். பேக்கரி அடுப்பை மாற்றக் கடன் கேட்டபோது, "இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டு வாங்க" என்றார்கள். அந்த வேலை மாதக்கணக்கில் இழுத்தது. எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில் வாங்குவது, ஏஜென்டிடம் எதைக் கேட்பது, எதை எழுத்தில் வாங்குவது என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

பெரும்பாலானோர் "எவ்வளவு கட்டணும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மலையில் கடை வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: "மண்சரிவு இதில் எழுதியிருக்கா? எந்தப் பக்கத்தில்?" 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போன பிறகு, பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் இந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

1. கடைக்கு என்னென்ன ஆகலாம் என்று எழுதுங்கள்

ஏஜென்டைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு கொப்பியை எடுத்து இதைச் செய்யுங்கள். வெறும் கையோடு போனால், அவரிடம் இருக்கும் பொதியில் உங்களை அடக்கிவிடுவார்.

எழுதும்போது கடையின் நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். பின்னால் மண்மேடா? தாங்குசுவர் இருக்கிறதா? மேலே தோட்டத்து வடிகான் எந்தப் பக்கம் திரும்புகிறது? பக்கத்துக் கடை என்ன கடை? நம் டவுன்களில் பழைய கடைகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. மேல்மாடி பலகை, கூரைக்குக் கீழே பலகைத் தட்டி. ஒரு கடையில் பிடித்த தீ வரிசை முழுதும் போவது அதனால்தான். உங்கள் கடையில் விறகடுப்பே இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஹோட்டல் இருந்தால் அது உங்கள் ஆபத்தும்தான்.

தீ, மின்னல், மின்கசிவு, வெள்ளம், புயல்காற்று, மண்சரிவு, பூட்டுடைப்பு, கலவரம், வேலையாளுக்குக் காயம், வாடிக்கையாளருக்குக் காயம், வழியில் லொறி கவிழ்தல், மின்சாரம் நின்று குளிர்பெட்டிச் சாமான் கெடுதல். இதில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் குறியுங்கள். எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. குளிர்பெட்டியில் நாலு சோடாப் போத்தல் மட்டும் இருந்தால் அதை விட்டுவிடலாம். இறைச்சிக்கடை என்றால் விட முடியாது.

2. ஏஜென்ட், புரோக்கர், கிளை: மூன்றில் யாரிடம்?

ஏஜென்ட் காப்புறுதி நிறுவனத்தின் ஆள். கடைக் காப்புறுதி போன்ற பொதுக் காப்புறுதியில் அவர் பொதுவாக ஒரு நிறுவனத்தின் பொலிசியைத்தான் விற்பார். புரோக்கர் உங்கள் சார்பில் பல நிறுவனங்களிடம் விலை கேட்பவர். அவர் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்றாவது வழி, நிறுவனத்தின் கிளைக்கு நேரே போவது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி எல்லா இடத்திலும் கிளைகள் உண்டு. மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலை பக்கம் இருப்பவர்களுக்கு ஏஜென்ட்தான் கைக்கெட்டும் வழி.

சிறு கடைக்கு உள்ளூர் ஏஜென்ட் போதும் என்பதே என் அபிப்பிராயம். இழப்பு நடந்த அன்று கடைவாசலில் வந்து நிற்கப் போகிறவர் அவர்தான். ஆனால் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேறு வேறு நிறுவனங்களின் ஏஜென்ட்கள் இரண்டு மூன்று பேரிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து எழுத்தில் விலை வாங்குங்கள். பெரிய பேக்கரி, தேயிலைப் பொதியிடும் இடம், பத்து அறைத் தங்குமிடம் என்றால் புரோக்கரிடம் போவது நல்லது.

ஏஜென்டிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: நிறுவனம் கொடுத்த அடையாள அட்டையைக் காட்ட முடியுமா? இந்த டவுனில் கடை இழப்பு ஒன்றுக்குப் பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறாரா, யாருக்கு? இழப்பை நேரில் பார்த்து மதிப்பிடும் சேர்வேயர் எங்கிருந்து வருவார், கண்டியிலிருந்தா கொழும்பிலிருந்தா? பணம் கிடைத்ததாக அவர் சொல்லும் கடைக்காரரிடம் நீங்களே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு விசாரியுங்கள். எத்தனை மாதம் ஆனது, கேட்டதில் எவ்வளவு கிடைத்தது என்ற இரண்டையும் கேட்டால் போதும்.

ஏஜென்டுக்குக் கொமிஷன் கொடுப்பது நிறுவனம். நீங்கள் தனியாகக் கைக்காசு கொடுக்கத் தேவையில்லை. கட்டுப்பணத்தை (பிரீமியத்தை) நிறுவனத்தின் பெயரில் காசோலையாகவோ வங்கி வைப்பாகவோ கட்டுங்கள். ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போட்ட பணத்துக்கு நாளை கணக்குக் கேட்க முடியாது.

3. காகிதங்களைச் சேருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் போகும். எதை முதலில் தேடுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது, வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பிரதேச செயலகம் வழியாக எடுப்பது. கடையின் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர் மூன்றும் இன்றைக்கு இருப்பது போலவே அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்பா பெயரில் பதிந்த கடையை மகன் நடத்துவது நம் ஊரில் சாதாரணம். காப்புறுதிக்கு அது சாதாரணம் இல்லை. பொலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தமான பொருள்தான் காப்பாற்றப்படும். பெயரை மாற்ற வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாவது, பிரதேச சபை அல்லது நகர சபையின் நடப்பு ஆண்டு வியாபார அனுமதிப்பத்திரம். மூன்றாவது, தேசிய அடையாள அட்டைப் பிரதி. நான்காவது, கடை உங்களுடையது என்றால் காணி உறுதி, வாடகை என்றால் வாடகை ஒப்பந்தம்.

மலையகத்துக்கே உரிய சிக்கல் இந்த நான்காவதில் இருக்கிறது. தோட்டக் காணியில் கட்டிய கடைகளுக்குப் பெரும்பாலும் உறுதி கிடையாது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, கட்டியவர் நீங்கள். இப்படியான கட்டடத்தைக் காப்புறுதி செய்யப் போனால் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை. கேள்வி கேட்காமல் கட்டுப்பணத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு நேரத்தில் "கட்டடம் உங்களுடையது என்று காட்டுங்க" என்று கேட்பதுதான் மோசம். இந்த நிலையில் இருப்பவர்கள் சாமான், தளபாடம், இயந்திரம் ஆகியவற்றை மட்டும் காப்புறுதி செய்யுங்கள். அவை உங்களுடையவை என்று பில் காட்டலாம். கட்டடத்தையும் சேர்க்க வேண்டுமானால், அங்கே வியாபாரம் செய்யத் தோட்ட நிர்வாகம் தந்த அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே காட்டி, அதை ஏற்றுக்கொள்வதாக நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

வாடகைக் கடைக்காரர் கட்டடத்தைக் காப்புறுதி செய்ய வேண்டியதில்லை. அது வீட்டுக்காரர் வேலை. ஆனால் நீங்கள் உள்ளே போட்ட ராக்கை, தட்டி, டைல்ஸ், மின்வேலை எல்லாம் உங்கள் செலவு என்றால் அதைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, சாமான் கணக்கு. கடைசி மூன்று மாதக் கொள்வனவுப் பில்களும் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து எடுத்த இருப்புப் பட்டியலும் போதும். வருமான வரிக் கோப்பு இருப்பவர்கள் ஆண்டுக் கணக்கின் பிரதியைச் சேருங்கள்.

ஆறாவது, கட்டடம் அண்மைக்காலத்தில் கட்டியது என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை. மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கே இந்த அறிக்கை கேட்கிறார்கள். அதனால் அனுமதி எடுத்துக் கட்டியவர்களிடம் இருக்கும். தேடி எடுத்துப் பிரதி கொடுங்கள். "மண்சரிவு வேண்டும்" என்று கேட்கும்போது உங்கள் பக்கம் பேசும் காகிதம் இதுதான். பழைய கடைக்காரர்களிடம் இருக்காது. அவர்கள் பின்பக்க மண்மேடு, தாங்குசுவர், வடிகான் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்துக் கொடுக்கலாம்.

ஏழாவது, கடையின் போட்டோக்கள். உள்ளே, வெளியே, ராக்கை ராக்கையாக, மின் பலகை, தீயணைக்கும் கருவி. இவற்றை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். போன் கடைக்குள் எரிந்தாலும் போட்டோ தப்பும்.

4. காப்புறுதித் தொகையைச் சரியாகப் போடுங்கள்

கட்டுப்பணம் குறையட்டும் என்று பலர் தொகையைக் குறைத்துப் போடுகிறார்கள். ஏஜென்டும் விற்பனை முடியட்டும் என்று தலையாட்டுவார். இழப்பு நேரத்தில் இதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். கடையில் உண்மையில் 40 இலட்சம் ரூபாவுக்குச் சாமான் இருக்கிறது. நீங்கள் 20 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி எடுத்தீர்கள். தீயில் 10 இலட்சத்துச் சாமான் போனது. "20 இலட்சத்துக்கு எடுத்திருக்கேனே, 10 முழுசாக் கிடைக்கும்" என்று நினைப்பீர்கள். கிடைப்பது 5 இலட்சம். பாதி மதிப்புக்குத்தான் காப்புறுதி எடுத்திருப்பதால் எந்த இழப்பிலும் பாதிதான் தருவார்கள். மற்றப் பாதியை நீங்களே சுமப்பதாகக் கணக்கு. பத்திரத்தில் "அவரேஜ்" என்ற நிபந்தனையாக இது இருக்கும். அந்த 5 இலட்சத்திலும் இழப்பில் உங்கள் பங்காக முன்கூட்டியே ஒத்துக்கொண்ட தொகையைக் கழிப்பார்கள்.

சாமானுக்கு வாங்கிய விலையைப் போடுங்கள், விற்கும் விலையை வேண்டாம். வருடத்தில் ஆகக்கூடுதலாகச் சாமான் நிற்கும் நாளை நினைத்துப் போடுங்கள். நமக்கு அது தீபாவளிக்கு முன்பும் சித்திரைக்கு முன்பும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் முழுவதும். வருடம் முழுக்க அந்தத் தொகைக்குக் கட்டுவது பாரமாகத் தெரிந்தால், அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் தொகையைக் கூட்டும் இணைப்பை (பொலிசியோடு சேர்க்கும் மேலதிகப் பத்திரத்தை) கேளுங்கள். சாமான் வந்து இறங்குவதற்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும்.

கட்டடத்துக்கு, இன்று அதே இடத்தில் அதைத் திரும்பக் கட்ட ஆகும் செலவைப் போடுங்கள். காணி விலையைச் சேர்க்கக் கூடாது. மண்ணும் கல்லும் சீமெந்தும் மேலே ஏற்றிக் கொண்டுவரும் கூலி கொழும்புக் கணக்கில் வராது. ஊர் பாஸிடம் ஒரு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். இடிபாடு அகற்றும் செலவைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சரிவில் இருக்கும் கடைக்கு மண்ணை அள்ளி அப்புறப்படுத்தும் செலவே பயமுறுத்தும். தாங்குசுவர், மதில், வெளி வடிகான் ஆகியவை "கட்டடம்" என்ற சொல்லில் தானாக அடங்கும் என்று நம்ப வேண்டாம். பெயர் சொல்லிச் சேருங்கள்.

வங்கிக் கடனுக்காக எடுப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். வங்கி தன் கடன் தொகையைத்தான் பார்க்கும். 15 இலட்சம் கடன் என்றால் 15 இலட்சத்துக்குக் கட்டடக் காப்புறுதி எடுத்தால் அவர்களுக்குத் திருப்தி. கட்டடத்தின் பெறுமதி 60 இலட்சம் என்றால் மேலே சொன்ன கணக்கின்படி எந்த இழப்பிலும் கால் பங்குதான் வரும். அந்தப் பணமும் முதலில் வங்கிக்குப் போகும். சாமானுக்கு அதில் ஒரு சதம்கூட இருக்காது. வங்கி கேட்டதை எடுத்துவிட்டோம் என்று நின்றுவிடாமல், முழுப் பெறுமதிக்கு எடுத்து வங்கியின் பெயரையும் அதில் சேருங்கள்.

5. எந்தக் கவர் வேண்டும், எது சும்மா வராது

தீக் காப்புறுதியின் அடிப்படைப் பொலிசி தீயையும் மின்னலையும்தான் பார்க்கும். மற்றதெல்லாம் மேலதிகமாகச் சேர்ப்பது. "எல்லாம் கவர் ஆகும் முதலாளி" என்பார்கள். எந்தெந்த ஆபத்து, எந்தப் பக்கத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

மண்சரிவு: வெள்ளமும் புயலும் சேர்த்தால் மண்சரிவும் வந்துவிடும் என்று நினைப்பது வழக்கம். அப்படி இல்லை. சில பொலிசிகளில் "இயற்கை அனர்த்தங்கள்" என்ற இணைப்பில் இருக்கும். சிலவற்றில் நிலம் தாழ்தல், நிலம் சரிதல் இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்கும். மண்சரிவு என்ற சொல்லே அட்டவணையில், அதாவது உங்கள் பெயரும் தொகையும் ஆபத்துகளும் எழுதியிருக்கும் பொலிசிப் பக்கத்தில், தெரிய வேண்டும். சுவர் வெடித்தாலும் தருவார்களா, மண் வந்து மூடினால் மட்டுமா, அனர்த்தம் வரும் என்று வெளியேறச் சொன்ன காலத்தில் கெட்ட சாமானுக்கு என்ன என்று மூன்றையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள்.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம்: இது தனிக் கட்டணம். எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் பெரும்பாலும் அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வழியேதான் வருகிறது. பிரதான வீதியில் கடை என்றால் சேருங்கள். கட்டணம் பெரிதாக இருக்காது.

களவு: பூட்டை உடைத்து, கூரையைப் பிரித்து, பலாத்காரமாக நுழைந்ததற்கு அடையாளம் இருந்தால்தான் இது வேலை செய்யும். பட்டப்பகலில் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் கடைப்பையன் கல்லாவில் கைவைத்ததும் இதில் வராது. கல்லாக் காசுக்கும் வங்கிக்கு எடுத்துப் போகும் காசுக்கும் தனி வரி வேண்டும்.

வழியில் உள்ள சாமான்: கொழும்பு புறக்கோட்டையில் ஏற்றி, கினிகத்தேனை வழியாக வரும் லொறி கவிழ்ந்தால் லொறிக்காரரின் காப்புறுதி உங்கள் சாமானைப் பார்க்காது. சொந்த வாகனத்தில் கொண்டுவந்தாலும் வாகனக் காப்புறுதி வாகனத்துக்குத்தான். மாதம் பல முறை சாமான் ஏற்றுபவர்கள் போக்குவரத்துக் கவர் எடுப்பது நல்லது. இதே இடத்தில் இன்னொன்று: ஓட்டோவோ வேனோ சொந்தப் பாவனை என்று காப்புறுதி செய்துவிட்டு வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டினால், விபத்து அன்று அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வேலையாட்கள்: 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்கு. ஒரே ஒரு கடைப்பையன் இருந்தாலும் இந்தக் கவரை எடுங்கள். பேக்கரியில் மா பிசையும் இயந்திரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறோமே என்று இதை விடக் கூடாது. அது ஓய்வுக்கான சேமிப்பு. கட்டுப்பணத்தை ஆண்டுச் சம்பளத் தொகையை வைத்துக் கணிப்பார்கள், அதனால் எல்லாருடைய சம்பளத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். முதலாளியாகிய நீங்கள் இதில் அடங்க மாட்டீர்கள். உங்களுக்குத் தனி விபத்துக் காப்புறுதி வேண்டும்.

பொதுமக்கள் பொறுப்பு: எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் தங்குமிடம் நடத்துபவர்களும் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் எடுக்க வேண்டும். சாப்பாட்டால் வரும் நோயும் அடங்குமா என்று கேளுங்கள். சின்னப் பலசரக்குக் கடைக்கு இது அவசரமில்லை.

வருமான இழப்பு: கடை எரிந்து மூடிக்கிடக்கும் மாதங்களின் இலாபத்தைத் தருவது. ஒழுங்கான கணக்கு இல்லாதவர்களுக்குப் பிரயோசனம் குறைவு. மண்சரிந்து ஏ7 வீதி மூடப்பட்டு வியாபாரம் விழுந்தால் இது தானாகத் தராது. பொதுவாக உங்கள் கடைக்குச் சேதம் வந்திருந்தால்தான் கிடைக்கும்.

கடன் கொப்பி எரிந்தால் அதில் இருந்த பாக்கிக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். தோட்டத்துச் சம்பளத்தை நம்பிக் கடன் கொடுக்கும் நமக்கு அதுதான் பெரிய சொத்து. வாரம் ஒருமுறை போனில் போட்டோ எடுங்கள்.

6. முன்மொழிவுப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

முன்மொழிவுப் படிவம் என்பது காப்புறுதி கேட்டு நீங்கள் கொடுக்கும் விண்ணப்பம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "நான் நிரப்பிக்கிறேன், நீங்க சைன் மட்டும் பண்ணுங்க" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். உள்ளே எழுதியதற்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்கு. தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றால், வாசிக்கத் தெரிந்த பிள்ளையையோ ஊர் மாஸ்டரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்டு நிரப்புங்கள்.

மறைக்கக் கூடாதவை: சுவரும் கூரையும் எதனால் ஆனவை, விறகடுப்பா காஸா, காஸ் சிலிண்டர் விற்பனைக்கு வைத்திருக்கிறீர்களா, மண்ணெண்ணெய் இருக்கிறதா, இரவில் யாராவது கடைக்குள் படுக்கிறார்களா, முன்பு வெள்ளமோ மண்ணோ வந்ததா, வேறு நிறுவனம் மறுத்ததா. தகரம், பலகைக் கட்டடம் என்று உண்மையைச் சொன்னால் கட்டுப்பணம் கூடும். சொல்லாவிட்டால் சேர்வேயர் வந்து பார்க்கும் நாளில் முழுக் காப்புறுதியும் கையை விட்டுப் போகலாம்.

படிவத்தை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

7. விலைக்கூற்றை எப்படி ஒப்பிடுவது

ஏஜென்ட்கள் எழுத்தில் தந்த விலைக்கூற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அடியில் உள்ள மொத்தத்தைப் பார்க்கும் முன்பு நான்கு இடத்தைப் பாருங்கள்: காப்புறுதித் தொகை ஒன்றா, ஆபத்துப் பட்டியல் ஒன்றா, ஒவ்வொரு இழப்பிலும் நீங்கள் சுமக்கும் தொகை எவ்வளவு, நிபந்தனைகள் என்ன.

நீங்கள் சுமக்கும் தொகை பெரும்பாலும் "இழப்பில் இத்தனை வீதம், குறைந்தது இத்தனை ரூபா" என்று இருக்கும். தீக்கு ஒன்று, வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் வேறு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். மலிவான விலைக்கூற்றில் இந்தத் தொகை பெரிதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இழப்பு 10 இலட்சம், நீங்கள் சுமப்பது 10 வீதம் என்றால் 1 இலட்சம் உங்கள் கையிலிருந்து போகிறது. அந்த மலிவு யாருக்கு மலிவு?

செலவுக் கணக்கில் அடிப்படைக் கட்டுப்பணம், கலவரக் கட்டணம், பொலிசிக் கட்டணம், முத்திரை, அதற்கு மேல் வரிகள் வரும். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ஏஜென்ட் வாயால் "20 ஆயிரம்தான்" என்று சொல்வது வரிக்கு முந்திய தொகையாக இருக்கும். வற் மட்டுமே 3,600 ரூபா கூட்டும். கடைசித் தொகையைக் கேளுங்கள்.

நிபந்தனைகளில் கவனமாகப் பார்க்க வேண்டியவை: தீயணைக்கும் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும், சாமானைத் தரையிலிருந்து 6 அங்குலமாவது உயர்த்தி வைக்க வேண்டும், இரவில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், கணக்குக் கொப்பியைக் கடைக்கு வெளியே அல்லது பெட்டகத்தில் வைக்க வேண்டும். இவை வேண்டுகோள் இல்லை, நிபந்தனை. மா மூட்டையை நேரே தரையில் அடுக்குபவர்கள் பலகைத் தட்டுக்குச் செலவழித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

8. எப்போது எடுப்பது, எப்போது கட்டுவது

காகிதம் எல்லாம் கையில் இருந்தால் விலைக்கூற்றுக்கு ஒரு வாரமளவில் போகும். கடையைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தால் இன்னும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். வங்கித் தேதி நெருக்கினால் தற்காலிகக் காப்புறுதிச் சான்று கேட்கலாம். அதன் முடிவுத் தேதியைக் குறித்து வையுங்கள்.

மழைக்கு முன்பே எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கவனம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே மண்சரிவு எச்சரிக்கை முதல் கட்டத்துக்கு வந்துவிடும். எச்சரிக்கை வெளியான பிறகு புதிதாக மண்சரிவுக் கவர் கேட்டால் நிறுவனம் தயங்கும், அல்லது பிந்திய ஒரு தேதியிலிருந்துதான் காப்பைத் தொடங்கும்.

தவணையாகக் கட்டலாம், கடனில் பொலிசி தரலாம் என்பார்கள். பொதுக் காப்புறுதியில் வழமையாகக் கட்டுப்பணத்துக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் முழுத்தொகையும் போய்ச் சேராவிட்டால் காப்பு நின்றுவிடும். வாகனக் காப்புறுதிக்கு இந்த அவகாசத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆண்டு நடுவில் நிறுத்தினாலும் மீதி மாதங்களுக்கு நேர் கணக்கில் பணம் திரும்பி வராது, குறைவாகத்தான் வரும்.

9. பொலிசி கைக்கு வந்த அன்று

மேசை லாச்சியில் போடாதீர்கள். அட்டவணைப் பக்கத்தை எடுத்து விலைக்கூற்றோடு ஒத்துப் பாருங்கள். பெயர் எழுத்து, கடை இலக்கம், வீதி, காப்புறுதித் தொகை ஒவ்வொன்றும், தொடக்கத் தேதி, மண்சரிவு. கிடங்கு வேறு இடத்தில் இருந்தால் அந்த முகவரியும் அட்டவணையில் இருக்க வேண்டும். கடையின் பொலிசி கிடங்குக்குப் போகாது. பிழை இருந்தால் அன்றே எழுத்தில் அறிவித்துத் திருத்திய பக்கத்தை வாங்குங்கள்.

பிறகு கடையில் எதை மாற்றினாலும், புது இயந்திரம், மேல்மாடி, காஸ் ஏஜென்சி எதுவானாலும், அறிவியுங்கள். வருடப் புதுப்பிப்பு வரும்போது பழைய தொகைக்கே கையெழுத்து வைக்காமல் சாமான் கணக்கை மறுபடி பாருங்கள். மாவும் சீனியும் விலை ஏறிய அளவுக்கு உங்கள் தொகையும் ஏற வேண்டும்.

10. இழப்பு நடந்தால்

ஆட்களைக் காப்பாற்றியபின் முதல் போன் பொலிசுக்கும் தீயணைப்புப் பிரிவுக்கும். அடுத்தது நிறுவனத்தின் அவசர இலக்கம். ஏஜென்டிடம் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அன்றே எழுத்திலும் அறிவியுங்கள். பொலிசியில் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று இருக்கும், அந்த வரியை இப்போதே கோடிட்டு வையுங்கள்.

சேர்வேயர் பார்க்கும் வரை எதையும் வெளியே வீசாதீர்கள். மழையில் நனையாமல் மூடுவது, மிஞ்சியதைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது உங்கள் கடமை. அதைச் செய்யும் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். சபை வந்து வீதி மண்ணை அள்ள அவசரப்பட்டால், நிறுவனத்துக்குத் தெரிவித்து அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டு அள்ள விடுங்கள்.

சேர்க்க வேண்டியவை: பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், தீ என்றால் தீயணைப்புப் பிரிவின் அறிக்கை, சேதப் பட்டியல், கொள்வனவுப் பில்கள், திருத்த வேலை மதிப்பீடு. பில் எரிந்துவிட்டால் மொத்த வியாபாரிகளிடம் அவர்கள் பிரதியைக் கேளுங்கள். புறக்கோட்டைக் கடைகள் வைத்திருக்கும்.

"முழுத்தொகையும் பெற்று முடித்துக்கொண்டேன்" என்ற கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் கணக்கை ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். எது கழிக்கப்பட்டது, ஏன் என்று எழுத்தில் தர வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் (ஒம்பட்ஸ்மனிடம்) போகலாம். அதற்கு அடுத்து, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அது கொழும்பு 1இல் இருக்கிறது, ஆனால் போக வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதி, பொலிசி இலக்கத்தையும் நிராகரிப்புக் கடிதத்தின் பிரதியையும் இணைத்துப் பதிவுத்தபாலில் அனுப்பி, தபால் துண்டை பொலிசிக் கோப்பிலேயே குத்தி வையுங்கள்.